இன்னும் அஞ்சு நிமிஷம் மட்டும்: கடல் தாண்டிப் போன 1947 ஃபைனல்

இந்த எபிசோடை ஒரு சொந்தச் சோகக் கதையோட ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் ஒரு ராத்திரி எனக்கு ஆன்-கால் டியூட்டி. ஒரு பெரிய டேட்டா ஜாப் ஓடிட்டு இருந்தது. ரெண்டு மணி நேரத்துல முடியணும்னு கணக்கு. அன்னிக்கு டேட்டா கொஞ்சம் அதிகம். 97 சதவீதம் முடிஞ்சிருந்தப்போ டைம் அவுட் ஆகி, ஜாப் செத்துப் போச்சு. மொத்தமும் முதல்ல இருந்து. அந்த "ரெண்டு மணி நேரம்"ங்கிற நம்பரை யார் எழுதினாங்கன்னு தேடினேன். எழுதினவர் வேலையை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சு. ஏன் ரெண்டு மணி நேரம்? யாருக்கும் தெரியாது.

இதை என் காலேஜ் ரூம்மேட் கிட்ட புலம்பினேன். அவன் இப்போ டப்ளின்ல வேலை பார்க்கிறான். அவன் சிரிச்சுட்டு, "மச்சி, உனக்கு 1947 ஃபைனல் கதை தெரியுமா? அதுவும் ஒரு டைம் அவுட் கதைதான்"னான். எனக்குத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன். அந்தக் கதைதான் இன்னிக்கு.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

கேலிக் ஃபுட்பால். அயர்லாந்தோட சொந்த விளையாட்டு. நாம டிவில பார்க்கிற ஃபுட்பால் இல்ல, ரக்பியும் இல்ல. ஒரு டீமுக்கு 15 பேர். பந்தைக் கையில பிடிக்கலாம், காலால உதைக்கலாம், முஷ்டியால தட்டி பாஸ் பண்ணலாம். ஆனா கையில வச்சுக்கிட்டு நாலு அடிக்கு மேல அப்படியே ஓட முடியாது. தரையில தட்டணும், இல்லன்னா ஓடிக்கிட்டே தன் கால் நுனியால தட்டி மறுபடி கைக்கு வரவைக்கணும். முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு அது வித்தை மாதிரி இருக்கும்.

கோல் போஸ்ட் ஆங்கில எச் எழுத்து மாதிரி. குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள்ள போனா கோல், அதுக்கு மூணு புள்ளி. கம்பிக்கு மேலே, ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல போனா 1947ல ஒரு புள்ளி. ஸ்கோரை ரெண்டு நம்பரா எழுதுவாங்க. 2-11னா ரெண்டு கோல், 11 புள்ளி. ஆறும் பதினொண்ணும் சேர்த்து மொத்தம் 17. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இந்த விளையாட்டை நடத்துறது கேலிக் தடகளச் சங்கம். 1884ல தொடங்கினது. பிரிட்டிஷ் ஆட்சியில இருந்த ஒரு நாடு, "எங்க விளையாட்டை நாங்களே நடத்திக்கிறோம்"னு உருவாக்கின அமைப்பு. ஆடுறவங்களுக்குச் சம்பளம் கிடையாது. டீச்சர், விவசாயி, ராணுவ அதிகாரி, எல்லாரும் வேலையை முடிச்சுட்டு வந்து ஆடுறவங்க. யார் எந்த டீமுக்கு ஆடணும்னு ஏலம் கிடையாது. பெரும்பாலும் பிறந்து வளர்ந்த கவுண்டிதான் உங்க டீம். கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கலாம்.

அயர்லாந்து தீவுல 32 கவுண்டி, நாலு மாகாணம். 1947ல ஒவ்வொரு மாகாணத்துலயும் நாக் அவுட் நடக்கும். நாலு மாகாண சாம்பியன்கள் செமி ஃபைனல் ஆடுவாங்க. ஃபைனல், வழக்கமா செப்டம்பர் மாசம், டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்துல. தோத்தா அவ்வளவுதான், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஆனா அந்த வருஷம் ஃபைனல் க்ரோக் பார்க்ல நடக்கல. அயர்லாந்துலயே நடக்கல. நியூயார்க்ல நடந்தது.

ஏன் நியூயார்க்?

இதுக்கு நூறு வருஷம் பின்னாடி போகணும். 1845ல அயர்லாந்துல உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைங்களுக்கு அதுதான் சாப்பாடு. வருஷா வருஷம் பயிர் அழுகியது. நாட்டுல மத்த தானியம் விளைஞ்சது, அது ஏற்றுமதியும் ஆச்சு, இவங்க பட்டினி கிடந்தாங்க. கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் செத்தாங்க. இன்னொரு பத்து லட்சத்துக்கும் மேல கப்பல் ஏறினாங்க. அதுல மோசமான வருஷம் 1847. ஐரிஷ்காரங்க இன்னிக்கும் அதை "கறுப்பு 47"னுதான் சொல்றாங்க.

கப்பல் ஏறினவங்க நிறைய பேர் அமெரிக்கா போனாங்க. அதுக்கப்புறமும் அந்தப் போக்கு நிக்கல. தலைமுறை தலைமுறையா நியூயார்க், பாஸ்டன்னு போய்ட்டே இருந்தாங்க. போனவங்க விளையாட்டையும் கொண்டு போனாங்க. நியூயார்க்ல கேலிக் ஃபுட்பால் கிளப்புகள் இருந்தன. ஆனா இரண்டாம் உலகப் போர் சமயத்துல புதுசா ஆள் வர்றது நின்னு போச்சு. மைதானம் காலியாக ஆரம்பிச்சது.

அப்போ கிளேர் கவுண்டியைச் சேர்ந்த பாதிரியார் ஒருத்தர், கேனன் மைக்கேல் ஹாமில்டன், ஒரு யோசனை சொன்னார். கறுப்பு 47 நடந்து நூறு வருஷம் ஆகுது, இந்த வருஷ ஃபைனலை நியூயார்க்ல நடத்துவோம், போனவங்களுக்காக.

நிறைய பேருக்கு இது பிடிக்கல. அவங்க வாதம் தப்புன்னு என்னால சொல்ல முடியல. உள்ளூர் ரசிகன் என்ன பாவம் பண்ணினான்? அவனும் கஷ்டத்துலதான் இருக்கான். அந்த வருஷம் பிப்ரவரியில அயர்லாந்துல பயங்கரமான பனிப்புயல். போர் முடிஞ்சும் ரேஷன் தீரல. வருஷத்துல ஒரே ஒரு நாள், க்ரோக் பார்க் போய் தன் டீமைப் பார்க்கலாம்னு இருக்கிறவன் கிட்ட இருந்து அதையும் எடுத்து, கடல் தாண்டிக் கொடுக்கிறதா? அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுக்க அவனால முடியுமா?

ஹாமில்டன் அப்போ, வெளிநாட்டுல இருக்கிற ஒருத்தர் எழுதின உருக்கமான கடிதத்தை வாசிச்சுக் காட்டி கூட்டத்தை மாத்தினார்னு ஒரு கதை சொல்வாங்க. அந்தக் கடிதம் நிஜமா வந்ததா, அவரே ஏற்பாடு பண்ணினதான்னு ஒரு கிசுகிசுவும் கூடவே உண்டு. எப்படியோ, தீர்மானம் ஜெயிச்சது. சங்கத்தோட பொதுச் செயலாளர் பாட்ரிக் ஓ கீவ் நியூயார்க் போய் ஏற்பாடுகளைப் பார்த்தார்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. யார் ஃபைனல் ஆடப் போறாங்கன்னே தெரியாம எடுத்த முடிவு இது. அதனால அந்த சீசன் முழுக்க ஒவ்வொரு மேட்ச்சுக்கும் ஒரு கூடுதல் பரிசு இருந்தது. ஜெயிச்சுட்டே போனா, அமெரிக்கா. வெளிநாட்டையே பார்க்காத பசங்களுக்கு அது எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டு டீம்

செமி ஃபைனல்ல கேவன் டீம் ராஸ்காமனை ஜெயிச்சது. கெர்ரி டீம் மீத்தை ஜெயிச்சது. ஆக, கேவன் எதிர் கெர்ரி.

கெர்ரி தென்மேற்கு ஓரத்துல இருக்கிற கவுண்டி. இந்த விளையாட்டுல அவங்கதான் ராஜா. 1946 கோப்பையும் அவங்களோடதுதான், அது 16வது கோப்பை. நடப்பு சாம்பியன்.

கேவன் வடக்குல, அல்ஸ்டர் மாகாணத்துல. அல்ஸ்டர்ல மொத்தம் ஒன்பது கவுண்டி. நாடு பிரிஞ்சப்போ ஆறு வட அயர்லாந்தா பிரிட்டனோட இருந்தது, மூணு தெற்கோட வந்தது. கேவன் அந்த மூணுல ஒண்ணு, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்துல. ஆனா இந்த சாம்பியன்ஷிப் அந்தக் கோட்டை மதிக்கவே இல்ல, 32 கவுண்டியும் ஒரே போட்டியில.

கேவன் அதுவரைக்கும் ஜெயிச்சது ரெண்டே கோப்பை, 1933லயும் 1935லயும். 1933ல அவங்க செமி ஃபைனல்ல தோற்கடிச்சது யாரைத் தெரியுமா? தொடர்ந்து நாலு வருஷம் கோப்பை வாங்கி, அஞ்சாவதுக்கு வந்த கெர்ரியை. அதுக்கப்புறம் 1937, 1943, 1945னு மூணு ஃபைனல் தோல்வி. அதுல 37ல தோத்தது கெர்ரி கிட்ட. அதனால பழைய கணக்கு ரெண்டு பக்கமும் இருந்தது. கேவன் கேப்டன் ஜான் ஜோ ஓ'ரைலி, ராணுவ அதிகாரி. டிஃபென்ஸோட நடுவுல நிப்பார். ஃபைனல்ல தோக்கிறது எப்படி இருக்கும்னு நல்லாத் தெரிஞ்சவர்.

பயணமே ஒரு தனி எபிசோடு. கொஞ்சம் பேர் கோவ் துறைமுகத்துல இருந்து கப்பல்ல போனாங்க. மத்தவங்க விமானத்துல. அப்போ விமானத்தால அட்லாண்டிக்கை ஒரே மூச்சுல தாண்ட முடியாது, அங்கங்க இறங்கி எரிபொருள் போடணும். நியூயார்க் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல ஆச்சு.

அங்க அவங்களை வரவேற்றது நகர மேயர் வில்லியம் ஓ'ட்வயர். பேரைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பீங்க. அவர் அயர்லாந்துல மேயோ கவுண்டியில பிறந்து, இளைஞனா அமெரிக்கா வந்தவர்.

மைதானம்னு சொல்லலாமா?

மேட்ச் நடந்த இடம் மன்ஹாட்டன்ல இருந்த போலோ கிரவுண்ட்ஸ். பேருதான் போலோ, நிஜத்துல நியூயார்க் ஜயண்ட்ஸ் டீமோட பேஸ்பால் மைதானம். கேலிக் ஃபுட்பாலுக்கு சாதாரண ஃபுட்பால் மைதானத்தை விடப் பெரிய இடம் வேணும். இங்க அவ்வளவு இடமே இல்ல. அது மட்டும் இல்ல. பேஸ்பால் சீசன் நடந்துட்டு இருந்ததால, பிட்சர் நின்னு பந்து எறியற அந்த மண் மேட்டை எடுக்கவே இல்ல. பச்சைப் புல்லுல ஆடிப் பழகினவங்க, வெயில்ல காய்ஞ்ச கட்டாந்தரையில, நடுவுல ஒரு மேட்டோட ஆடணும். எங்க மொழியில சொன்னா, டெவலப் பண்ணின மெஷின் வேற, ரன் பண்ற மெஷின் வேற.

1947 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை மதியம். நல்ல வெயில். 34 ஆயிரத்துக்கும் மேல கூட்டம். அதுல பாதிப் பேராவது ஊரை விட்டு வந்து, திரும்பிப் போகாதவங்களா இருந்திருப்பாங்கன்னு நான் நினைக்கிறேன்.

கெர்ரி புயல் மாதிரி ஆரம்பிச்சது. பாட் கார்வி ஒரு கோல், எட்டி டௌலிங் ஒரு கோல். கேவன் ஆட்கள் இன்னும் தரையைப் புரிஞ்சுக்கவே இல்ல, அதுக்குள்ள பெரிய இடைவெளி. மேட்ச் முடிஞ்சதுன்னு நினைக்கிற நேரத்துல டௌலிங் அந்தக் கட்டாந்தரையில மோசமா விழுந்தார். நினைவு தப்பிப் போச்சு. தூக்கிக்கிட்டு வெளியே போனாங்க. கெர்ரியோட நடுக்களம் அதோட ஆட்டம் கண்டது.

கேவன் மெதுவா எழுந்தது. ஜோ ஸ்டாஃபோர்ட் ஒரு கோல். மிக் ஹிக்கின்ஸ் ஒரு கோல். ஹிக்கின்ஸ் பத்தி ஒரு விஷயம்: அவர் பிறந்ததே நியூயார்க்லதான். சின்ன வயசுல குடும்பத்தோட அயர்லாந்து திரும்பி, இப்போ கேவன் ஜெர்ஸியோட, பிறந்த ஊருல ஃபைனல் ஆடறார். எல்லாரும் போற திசைக்கு எதிர்த் திசையில போன குடும்பம். இடைவேளையில கேவன் 2-5, கெர்ரி 2-4. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

ரெண்டாவது பாதி பீட்டர் டோனஹோவோடது. ஃபவுல் நடந்தா கிடைக்கிற ஃப்ரீ கிக்கை கம்பத்துக்கு நடுவுல தூக்கி அனுப்பறது அவர் வேலை. மேட்ச் முழுக்க எட்டு புள்ளி எடுத்தார். இந்த விளையாட்டையே பார்த்திராத நியூயார்க் பத்திரிகைக்காரங்க, அவரை எப்படி விவரிக்கிறதுன்னு தெரியாம, தங்களுக்குத் தெரிஞ்ச பெரிய பேரைக் கொடுத்தாங்க: கேலிக் ஃபுட்பாலோட பேப் ரூத். பேப் ரூத் பேஸ்பாலுக்கு எப்படின்னா, நம்ம ஊருல டெண்டுல்கர் மாதிரின்னு வச்சுக்கோங்க.

அந்த அஞ்சு நிமிஷம்

இப்போ கேமராவை அயர்லாந்து பக்கம் திருப்புவோம். கேமரான்னு சொன்னது தப்பு. டிவி கிடையாது. ரேடியோ மட்டும்தான்.

நியூயார்க்ல மதியம்னா அயர்லாந்துல இரவு. கிராமங்களுக்குக் கரண்ட் கொடுக்கிற திட்டமே 1946லதான் தொடங்கினது. அதனால நிறைய வீட்டுல ரேடியோன்னா பேட்டரி ரேடியோ. ரேடியோ இருக்கிற வீட்டுல ஊரே கூடும். கேவன்லயும் கெர்ரியிலயும் அன்னிக்கு ராத்திரி அப்படித்தான்.

மைக்குல இருந்தவர் மைக்கேல் ஓஹேர். வயசு 27. கிட்டத்தட்ட என் வயசு. 18 வயசுல கமென்ட்ரி ஆரம்பிச்சவர். இன்னிக்கு அவர் குரல்தான் மொத்த நாட்டுக்கும் கண்ணு.

டெக்னிக்கலா இது எவ்வளவு பெரிய வேலைன்னு சொல்றேன். அட்லாண்டிக்குக்கு அடியில முதல் டெலிபோன் கேபிள் வந்தது 1956ல. அதாவது 47ல ஒரு மனுஷக் குரல் அந்தக் கடலைத் தாண்டணும்னா ரேடியோ அலை மட்டும்தான் வழி. அந்த இணைப்பை மணிக்கணக்குல முன்கூட்டியே புக் பண்ணணும். அடுத்து இன்னொருத்தர் புக் பண்ணியிருப்பார். இந்த மேட்ச்சுக்குப் புக் பண்ணினது நியூயார்க் நேரம் சாயங்காலம் 5 மணி வரைக்கும்.

ஆனா மேட்ச்சுக்கு முன்னாடி வரவேற்பு, அறிமுகம்னு சடங்குகள் இழுத்தது. ஆட்டம் தாமதமா ஆரம்பிச்சது. அப்புறம் அடிபட்டவங்களுக்காக நிறுத்தினது. ஓஹேர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 5 மணி நெருங்குது. ஆட்டத்துல இன்னும் நிமிஷங்கள் மிச்சம் இருக்கு. கேவன் முன்னால இருக்கு, ஆனா ஒரே ஒரு கோல் போதும், மூணு புள்ளி, எல்லாம் மாறிடும். இந்த நேரத்துல லைன் கட்டானா, ஒரு நாடே இருட்டுல உட்கார்ந்திருக்கும்.

அவருக்குப் போன் பண்ண வழி இல்ல. யாரைக் கேட்கணும்னும் தெரியாது. அவர் கிட்ட இருந்தது அந்த மைக் மட்டும்தான். அதனால கமென்ட்ரிக்கு நடுவுலயே கெஞ்ச ஆரம்பிச்சார். வழியில எங்கயாவது இதைக் கேட்டுட்டு இருக்கிறவங்க யாரா இருந்தாலும், தயவுசெஞ்சு இன்னும் அஞ்சு நிமிஷம் லைனை விட்டு வைங்கன்னு. ஒரு தடவை இல்ல. ஆட்டத்தைச் சொல்லிக்கிட்டே திரும்பத் திரும்பக் கேட்டார்.

மணி 5 ஆச்சு. லைன் கட்டாகல.

ஆட்டம் முடிஞ்சது. கேவன் 2-11, கெர்ரி 2-7. கணக்குப் போட்டீங்களா? 17க்கு 13. கேவன் சாம்பியன்னு அயர்லாந்து முழுக்கக் கேட்டது.

லைனை விட்டு வச்சது யாரு? பேர் கிடையாது. எங்கயோ ஒரு ஸ்விட்ச் முன்னாடி, ஹெட்ஃபோனோட, ஷிஃப்ட்ல உட்கார்ந்திருந்த ஒரு ஆள். ரூல்படி 5 மணிக்குக் கட் பண்ணியிருக்கணும். பண்ணல. என்னைப் போல ஆன்-கால்ல உட்கார்றவங்களுக்கு, இந்தக் கதையில பெரிய ஹீரோ டோனஹோ இல்ல, அந்த ஆள்தான்.

அப்புறம் என்ன ஆச்சு?

அந்த முயற்சியை மறுபடி யாரும் செய்யல. அயர்லாந்துக்கு வெளியே நடந்த ஒரே ஆல்-அயர்லாந்து ஃபுட்பால் ஃபைனல் இதுதான். போலோ கிரவுண்ட்ஸை 1964ல இடிச்சுட்டாங்க.

கேவன் அடுத்த வருஷமும் ஜெயிச்சது, மேயோவை ஒரே ஒரு புள்ளியில. ரெண்டு வருஷமும் கேப்டன் ஓ'ரைலிதான். அவர் 1952ல, 34 வயசுல இறந்து போனார். அதே 1952ல கேவன் மறுபடி கோப்பை வாங்கியது, கேப்டன் மிக் ஹிக்கின்ஸ். அதுதான் கடைசி. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தக் கவுண்டி இன்னும் அடுத்ததுக்குக் காத்துட்டு இருக்கு.

நியூயார்க் பக்கமும் ஒரு தொடர்ச்சி இருக்கு. 1999ல இருந்து நியூயார்க் டீம் ஒண்ணு வருஷா வருஷம் கனாக்ட் மாகாணப் போட்டியில ஆடுது. தோத்துக்கிட்டே இருந்தது. 2023 ஏப்ரல்ல, பிராங்க்ஸ்ல இருக்கிற தங்க சொந்த மைதானத்துல, லீட்ரிம் டீமை பெனால்ட்டியில ஜெயிச்சாங்க. சாம்பியன்ஷிப்ல அவங்களோட முதல் வெற்றி. அந்த வீடியோ கிடைச்சா பாருங்க, கூட்டம் மைதானத்துக்குள்ள ஓடி வர்றதைப் பார்த்தா, 1947ல எடுத்த முடிவு வீண் போகலன்னு தோணும்.

உள்ளூர் ரசிகனோட கோபம் நியாயமா இல்லையா? ரெண்டு நாளா யோசிக்கிறேன். நியாயம்தான்னு நினைக்கிறேன். அவன் கிட்ட இருந்து ஒரு ஃபைனலை எடுத்தாங்க. அவனுக்குப் பதிலா கிடைச்சது ஒரு குரல் மட்டும். அந்தக் குரலும் நடுவுல நின்னிருந்தா அது மன்னிக்க முடியாத அநியாயம். அதனாலதான் அந்த அஞ்சு நிமிஷம் அவ்வளவு முக்கியம். போனவங்களுக்கு மேட்ச்சைக் கொடுத்தாச்சு, இருந்தவங்களுக்கு முடிவையாவது கொடுக்கணும் இல்லையா.

டப்ளின்ல இருக்கிற என் ரூம்மேட் இதைச் சொல்லி முடிச்சப்போ, "எங்க அம்மா ஞாயித்துக்கிழமை கால்ல இதையேதான்டா கேக்கறாங்க, அஞ்சு நிமிஷம்"னான். நான் ஒண்ணும் சொல்லல.

அந்த ஜாப் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. டைம் அவுட்டை எடுக்கல. எடுத்தா வேற பிரச்சினை வரும். ஆனா இப்போ நேரம் முடியறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி அது ஒரு ஆளுக்கு மெசேஜ் அனுப்பும்: இன்னும் இவ்வளவு மிச்சம் இருக்கு, நீட்டிக்கவா? பட்டனை அமுக்கறதுக்கு ஒரு மனுஷன் இருக்கான். ரூலை எழுதினவர் போயிடுவார், அன்னிக்கு என்ன நடக்குதுன்னு பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கணும்.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுல யாராவது ரேடியோ கமென்ட்ரி கேட்டு வளர்ந்தவங்க இருந்தா, அவங்க மறக்காத ஒரு மேட்ச் எதுன்னு கேட்டு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சேர்த்துக்கலாம். பார்க்கலாம், வணக்கம்.